மூடி இறுகிப்போன விவரம்

என் அருமைத் தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளையின் சர்க்கரை எந்த அளவில் நிற்கிறது என்பதை அவரிடம் கேட்காமல் டாக்டரிடம் கேட்டு எழுதவும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீ "சாப்பிட்டியாண்ணா" என்று கேட்டுவிடுகிறாய். நான் சாப்பிட்டாச்சு என்றதும் பேச்சு முடிந்துவிடுகிறது. இந்த விஷயத்துக்கு இரண்டு வாக்கியம் போதாது.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பட்டறையை விட்டுவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்லி மூன்று வருஷமாக நீ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாய் அல்லவா, வருகிறேன். அடுத்த மாதம் முதல் வாரம். இனி இந்த ஜென்மத்தில் யாரும் கேட்காமல் யாருக்கும் ஒரு உதவியும் செய்வதில்லை என்று தீர்மானமும் செய்தாயிற்று. என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்று நீ பதறுவாய் என்பதால் ஆதியோடந்தமாக எழுதுகிறேன். கோபத்தில் எழுதவில்லை. காலையில்தான் கோபம் இருந்தது, இப்போது மத்தியானம்.

நான் செய்வது மூடி என்று உனக்குத் தெரியும். இருமல் மருந்து பாட்டிலுக்கு வெள்ளை மூடி. பத்தொன்பது வருஷமாக ஒரே அளவு, ஒரே கம்பெனி. பட்டறையில் நான், மிஷின் பார்க்கிற பெரியவர், மூடியை எண்ணி மூட்டை கட்டுகிற அம்மா, ஆக மூன்று பேர். பெரியவருக்குக் காது கேட்காது. அந்த அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும், ஆனால் எண்ணும்போது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை விட்டுப்போகும், அவளோ காலையிலிருந்து சாயங்காலம் வரை எண்ணிக்கொண்டே இருக்கிறாள். உன் அண்ணி இருந்தவரை வீட்டுக்குப் போனால் இன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்று கேட்க ஒரு ஆள் இருந்தாள். யாரும் ஒன்றும் சொல்லாத நாளில் நானே இரண்டு பேரைக் கற்பனை பண்ணிச் சொல்வேன். இப்போது வீட்டில் சத்தம் போடுவது ஃபிரிட்ஜ் மட்டும்தான். அதுவும் நான் உள்ளே நுழைந்ததும் நின்றுவிடுகிறது.

அதனால் எனக்கு வாரத்தில் ஒரே நாள்தான், செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத்தான் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போவேன். ஒப்பந்தப்படி கேட்டில் இறக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும், பத்து நிமிஷ வேலை. நான் ஒன்பதுக்குப் போனால் நாலு மணிக்குத்தான் வெளியே வருவேன். ஸ்டோர் பார்க்கிறவர் இடுப்பில் இருபது சாவி தொங்கவிட்டுக்கொண்டு நடப்பார், எல்லாரும் அவரைச் சாவிக்கொத்து என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் வருவது அவருக்கு முன்னால் தெரிந்துவிடும். மருந்து நிரப்பும் பகுதிக்குப் பொறுப்பான அம்மாவை லைன் அக்கா என்பார்கள், எனக்கு இளையவள்தான், நானும் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இவர்களுக்கு ஏதாவது ஒத்தாசை செய்துகொண்டிருப்பேன். மூட்டை அடுக்குவேன். ஈரம் படாமல் அடியில் பலகை போடுவேன். அவர்களும் அப்படித்தான், என் மூட்டையின் தையல் பிரிந்திருந்தால் சொல்லாமலே தைத்து வைப்பார்கள். யாரும் யாரையும் கேட்டதில்லை.

இந்த உதவியில் சில சமயம் கொஞ்சம் ஏடாகூடம் ஆனது உண்டு, மறைக்கவில்லை. வழியில் ஒன்றிரண்டு மூடி உடைந்தால் லைன் நிற்கக்கூடாதே என்று மூட்டைக்கு இருநூறு மூடி கூடுதலாகப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன், நல்ல காரியத்தைத் தம்பட்டம் அடிக்கக்கூடாது என்று யாரிடமும் சொல்லவில்லை. வருஷக் கடைசியில் கணக்கெடுத்தால் மூடி அதிகம், பாட்டில் குறைவு. மூடி இருக்கிறது, பாட்டில் எங்கே போயிற்று என்று பாட்டில் சப்ளை பண்ணுகிறவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். அவர் நேராக என் பட்டறைக்கு வந்து சண்டை போட்டார். சாவிக்கொத்து மூன்று நாள் லீவு போடாமல் பாட்டில் எண்ணினார். அப்புறம் மழை விஷயம். காலையில் வானம் கறுத்திருந்தால் வெளியே கிடக்கும் அட்டைப்பெட்டிகளை உள்ளே எடுத்துவையுங்கள் என்று ஆறு மணிக்கு அவர் வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்வேன். ஒரு நாள் அவர் சம்சாரம் எடுத்தாள். "என்னங்க, இங்க யாரோ மூடின்னு போன்ல பேரு வருது, வானத்தைப் பாருங்கன்னு சொல்றாரு, நமக்கு என்ன உறவு?" என்று அவரிடம் கேட்டது எனக்குக் கேட்டது. அவர் என்ன பதில் சொன்னார் என்பது கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை லைன் அக்கா முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்குள் பாட்டில் கசிகிறது, மேலிடத்தில் மூடிதான் சரியில்லை என்கிறார்கள் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் மூடி கசியாது. போய்ப் பார்த்தால் மூடியை முறுக்குகிற மிஷினின் பிடி தளர்ந்திருக்கிறது. மெக்கானிக் லீவு. என் பையில் ஸ்பேனர் இருந்தது. "தொடலாமா?" என்று நான் அக்காவைப் பார்த்தேன், அவள் "நான் ஒண்ணும் பாக்கலை" என்று சுவரைப் பார்த்தாள். ஒரு கால் சுற்று இறுக்கினேன். அது மிஷினுக்குத் தேவைப்பட்டது. அப்புறம் இன்னொரு கால் சுற்று இறுக்கினேன். அது என் அன்பு. அதோடு கசிவு நின்றது. அக்கா எனக்குத் தன் டீயைக் கொடுத்தாள். அன்று வீட்டுக்குப் போய் உன் அண்ணி படத்துக்கு முன்னால் நின்று முழு விவரமும் சொன்னேன்.

பதினைந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது, கசியவும் இல்லை, திறக்கவும் இல்லை. நாடு முழுக்க இருமிக்கொண்டிருக்கிறவர்கள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். பல்லால் கடித்தவர் உண்டு, கதவிடுக்கில் கொடுத்தவர் உண்டு, ஒருவர் பாட்டிலை உடைத்து வடிகட்டிக் குடிக்கலாமா என்று விளக்கம் கேட்டு எழுதியிருந்தார். மூன்று வாரத்தில் முந்நூறுக்கும் மேலே புகார்க் கடிதம். மெக்கானிக் வந்து பிடியைச் சரிபண்ணிவிட்டான், ஆனால் போன பாட்டில் போனதுதானே. இந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுத அங்கே ஆள் இல்லை. லைன் அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். பாவம் செய்தவன் நான், அவள் எதற்கு உட்கார வேண்டும்? "குடுங்கக்கா, நான் எழுதறேன்" என்று கட்டோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒவ்வொருவருக்கும் கைப்பட எழுதினேன், தங்கச்சி. மூடியை வெந்நீரில் ஒரு நிமிஷம் காட்டவும், ஈரம் துடைக்கவும், ரப்பர் பேண்டைச் சுற்றி, பாட்டிலை இடது கையில் பிடித்துத் திருகவும், அவசரப்படவேண்டாம், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். கடைசியில், அப்படியும் திறக்காவிட்டால் கூப்பிடவும் என்று என் போன் நம்பரையும் போட்டேன். அது மட்டும் யோசிக்காமல் செய்தது. இல்லை, பொய் சொல்வானேன், யோசித்துத்தான் செய்தேன்.

கூப்பிட்டார்கள். அடேயப்பா, எத்தனை பேர். போனை எடுத்தால் முதலில் இருமல், அப்புறம்தான் ஹலோ. இருமலை வைத்தே இது வறட்டு இருமல், இது சளி என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன். ஒருவர் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நான் இங்கே சொல்லச் சொல்ல அங்கே திருகி, "திறந்துருச்சு சார், திறந்துருச்சு" என்றார். கணவரை இழந்த ஒரு அம்மா, ஏதோ ஒரு ஊரில் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறாள், லிப்ட் கிடையாதாம். திங்கட்கிழமை கூப்பிட்டாள், திறந்தது. அடுத்த திங்கட்கிழமையும் கூப்பிட்டாள். மறுபடி இறுகிப்போச்சாம்மா என்று கேட்டேன். "இல்லைங்க, இருமலே நின்னுருச்சு. சும்மாதான் கூப்பிட்டேன்" என்றாள். அதற்கப்புறம் வாராவாரம். அவள் வீட்டுத் தண்ணீர்க் குழாய், என் முழங்கால், இரண்டையும் பற்றிப் பேசுவோம். வாரத்தில் எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இந்த நேரத்தில்தான் கம்பெனிக்குப் புது பர்ச்சேஸ் மேடம் வந்தாள். சின்ன வயசு, நல்ல படிப்பு, மேஜையில் ஒரு தூசு கிடையாது. என்னோடு பேசிய யாரோ ஒரு புண்ணியவான், உதவி செய்வதாக நினைத்து, கம்பெனிக்குப் பாராட்டுக் கடிதம் போட்டுவிட்டார்: உங்கள் மூடிப் பிரிவு மேலாளர் தங்கமான மனுஷர், என்னோடு நாற்பது நிமிஷம் பேசினார், அவருக்குச் சம்பளம் உயர்த்தவும். மேடம் மூடிப் பிரிவைத் தேடியிருக்கிறாள். கிடைக்கவில்லை. நான் கிடைத்தேன்.

கூப்பிட்டு உட்காரவைத்தாள், ஸ்பேனர் விஷயம் வரை நானே சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை, அதுதான் கஷ்டம். "சார், நீங்க எங்க கம்பெனியில யாரு?" என்றாள். மூடி என்றேன். "மூடி சப்ளை பண்றவர். மருந்து கம்பெனி மிஷினை வெளியாள் தொட்டா என்ன ஆகும்னு தெரியுமா? யாராவது உங்களைச் செய்யச் சொன்னாங்களா?" அக்காவைக் காட்டிக்கொடுக்க முடியுமா? "யாரும் சொல்லலை மேடம். சொன்னா அது வேலை. சொல்லாம செஞ்சாத்தானே உதவி" என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டாள். என் வார்த்தை பிடித்துப்போய்த்தான் எழுதிக்கொள்கிறாள் என்று நினைத்து நான் நிதானமாக மறுபடியும் சொன்னேன், விட்டுப்போகக் கூடாதே. மறுநாள் ஓலை வந்தது. என் வாக்கியம் என் குற்றமாக முதல் பத்தியில் இருந்தது. இரண்டாம் பத்தியில், இனிமேல் மூடிகளைக் கேட்டில் ஒப்படைத்தால் போதும், சப்ளையர் உள்ளே வரத் தேவையில்லை, கம்பெனி ஊழியர்கள் சப்ளையரை நேரடியாகத் தொடர்புகொள்ள வேண்டியதும் இல்லை. அவள் சொன்னதில் தப்பே இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், ஆனால் நான் என் இடத்தில் அல்லவா இருக்கிறேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை போனேன். காவலாளி மூட்டையை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டான். சரியாக எட்டு நிமிஷம். உள்ளே லைன் ஓடுகிற சத்தம் கேட்டது. சாவிச் சத்தமும் கேட்டது, பக்கத்தில் வந்து, நின்று, திரும்பிப் போயிற்று. அவரைக் குறை சொல்லமாட்டேன், அவருக்கும் உத்தரவு. ஒன்பதரைக்கு வீட்டில் இருந்தேன். செவ்வாய்க்கிழமை ஒன்பதரை மணிக்கு என் வீடு எப்படி இருக்கும் என்று பத்தொன்பது வருஷத்தில் நான் பார்த்ததில்லை. ஜன்னல் வழியாக வெயில் வந்து நாற்காலி வரை நீள்கிறது. நாற்காலியில் யாரும் இல்லை. சட்டையை மாற்றலாமா, மாற்றினால் மறுபடி எங்காவது போகவேண்டி வந்தால் என்ன செய்வது என்று யோசித்தபடி சாயங்காலம் வரை அதே சட்டையில் இருந்தேன். எங்கேயும் போகவேண்டி வரவில்லை. உன்னிடம் சொல்வதற்கு என்ன, எனக்கு ரொம்பத் தனியாக இருந்தது.

அப்போதுதான் அந்தத் தீர்மானம் செய்தேன். இனி யாருக்கும் எதுவும் கிடையாது. இந்தத் திங்கட்கிழமை மூன்றாவது மாடி அம்மா கூப்பிட்டபோதுகூட எடுக்கவில்லை, அடித்து அடித்து ஓய்ந்தது. மறுநாள் மனசு கேட்காமல் நானே கூப்பிட்டேன். "உங்களுக்கு உடம்பு சரியில்லையோன்னு நினைச்சு ராத்திரி சரியாத் தூங்கலைங்க" என்றாள். யாரும் அவளைத் தூங்காதே என்று கேட்கவில்லை பார். அன்று செவ்வாய், கேட்டோடு திரும்பிய இரண்டாவது செவ்வாய். ஏழு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

இதுதான் விவரம். பெரியவருக்கும் எண்ணுகிற அம்மாவுக்கும் பக்கத்துப் பட்டறையில் வேலை கேட்டு வைத்திருக்கிறேன். மிஷினை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் சொல், கேட்காமல் உதவக்கூடாது என்று அவர் வாழ்நாள் முழுவதும் சொன்னது சரி என்று மூத்த மச்சான் ஒப்புக்கொண்டான் என்று. அங்கே வந்து நான் ஒரு மூலையில் கிடப்பேன், உங்கள் வீட்டில் எதையும் தொடமாட்டேன், எதையும் இறுக்கமாட்டேன். பெரியவளுக்குப் படிப்பும் சின்னவனுக்கு உயரமும் வளரட்டும். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை மட்டும் வளராமல் இருக்கட்டும். நீ நூறு வயசு இருந்து என்னைத் திட்டிக்கொண்டிரு.

இப்படிக்கு,
உன் அண்ணன்.

பின்குறிப்பு: வியாழக்கிழமை சாயங்காலம். மேலே உள்ளதை நம்பி ஒன்றும் செய்துவிடாதே. நான் வரவில்லை.

இன்று காலையில், நேற்று எழுதிய கடிதத்தை மடித்து உறையில் போட்டு எச்சில் தொட்டு ஒட்டப்போகிற நேரம், பட்டறை வாசலில் சாவிச் சத்தம். பத்தொன்பது வருஷத்தில் அவர் என் பட்டறைக்கு வந்ததே இல்லை, எப்போதும் நான்தான் போவேன். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். திங்கட்கிழமையிலிருந்து லைன் நிற்கிறதாம். பாட்டில்காரர் புது அச்சு போட்டிருக்கிறார், மூடி திருகுகிற கழுத்து மரை மயிரிழை மாறியிருக்கிறது, என் மூடி அதில் உட்காரவில்லை. அவர் மூடியைச் சொல்கிறார், இவர்கள் பாட்டிலைச் சொல்கிறார்கள், உத்தரவு இருப்பதால் என்னை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. நான் உள்ளே போயிருந்தால் பாட்டிலைக் கையில் எடுத்ததும் விரலுக்குத் தெரிந்திருக்கும். மேடமும் மூன்று நாளாக லைனிலேயே நிற்கிறாளாம். நேற்றுச் சாயங்காலம் என் வாக்கியத்தை எடுத்துவைத்துக்கொண்டு தானே உட்கார்ந்து ஒரு படிவம் தயாரித்திருக்கிறாள். சப்ளையர் தன்விருப்ப உதவிக்கான முன் அனுமதிப் படிவம், மொத்தம் ஒன்பது கட்டம். அதைத்தான் இவர் கொண்டுவந்திருக்கிறார்.

"அப்ப நீங்க என்னை உதவி கேக்க வந்திருக்கீங்க" என்றேன். "நான் ஒண்ணும் கேக்கலைங்க. ஃபாரத்தைக் குடுத்துட்டு வரச் சொன்னாங்க. உதவியை நாங்க கேட்டா அது ஆர்டர் ஆயிடுமாம், அதுக்கு வேற ஃபாரம்" என்றார். சரி என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். உதவியின் தன்மை: மரையைத் தடவிப் பார்த்து என் அச்சைத் திருத்துவது. உதவி செய்யும் எண்ணம் தோன்றிய தேதி: நான் முதன்முதலில் மூட்டை இறக்கிய தேதியை எழுதினேன். உதவி முடியும் நேரம்: தேவைப்படும் வரை என்று எழுதினேன், நம்பர்தான் வேண்டும் என்றார், நாலு மணி என்று திருத்தினேன். ஒன்பதாவது கட்டத்தில், இந்த உதவியால் பயன்பெறுபவர் பெயர் என்று இருந்தது. கம்பெனி பேரை எழுதத்தான் பேனாவைக் கொண்டுபோனேன். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு என் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

மத்தியானம் மேடமே போன் பண்ணினாள். "சார், ஒன்பதாவது கட்டத்துல தப்பா உங்க பேரை எழுதிட்டீங்க. கம்பெனி பேரு வரணும். நானே அடிச்சுத் திருத்திக்கட்டுமா?"

"தெரிஞ்சுதான் எழுதினேன் மேடம். திருத்தினா பொய்யாயிடும்" என்றேன்.

அந்தப் பக்கத்தில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "சரி சார், அப்படியே இருக்கட்டும். பாட்டிலை இன்னைக்கே உங்களுக்கு அனுப்பிடறேன். நீங்க எப்பவும் போலச் செவ்வாய்க்கிழமை உள்ள வாங்க" என்றாள்.

சட்டை துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். இன்றைக்கு வியாழக்கிழமைதான் ஆகிறது.